பெண்களை உள்ளே விடாத நாடு

"அங்கியே நில்லு சித்ரா. ஒரு அடி எடுத்து வெக்காத."

சித்ரா ஒரு காலைச் சமையலறையிலும் ஒரு காலை ஹாலிலும் வைத்தபடி நின்றாள். மொட்டை மாடித் தொட்டி நிரம்பி, பின்பக்கத்துத் தகரக் கூரைமேல் தண்ணீர் சடசடவென்று கொட்டிக்கொண்டிருந்தது. மோட்டார் சுவிட்ச் ஹாலில், டிவிக்குப் பக்கத்துச் சுவரில் இருந்தது.

"டேங்க் ரொம்பி வழியுதுண்ணா. ஆஃப் பண்ணிட்டுப் பூடறேன்."

"வழியட்டும். மூணே பாலு. நீ உள்ள போ."

நாகேந்திரன் தங்கையைத் திரும்பிப் பார்க்காமலே இதைச் சொன்னார். திரும்பினால் உட்கார்ந்திருந்த வாகு கலைந்துவிடும். வலது காலை மடித்து, இடது கையைத் தலைக்குக் கொடுத்து அவர் அப்படிச் சாய்ந்த பிறகுதான் நம் ஆட்கள் வரிசையாக இரண்டு சிக்ஸர் அடித்திருந்தார்கள். மேட்ச் பார்க்க வந்திருந்த அவருடைய சிநேகிதர் டில்லிபாபு பாதி கடித்த பஜ்ஜியை வாய்க்கும் தட்டுக்கும் நடுவில் பிடித்திருந்தார். கூட உட்கார்ந்திருந்த தெருப் பையன் ஜெகனுக்கு வெகு நேரமாகப் பாத்ரூம் போக வேண்டியிருந்தது. நாட்டுக்காக அடக்கிக்கொண்டிருந்தான்.

நாடு ஜெயித்தது. பக்கத்து வீட்டுத் துலுக்கானம் காயப்போட்டிருந்த மிளகாய் மொத்தமும் மிதந்து தெருவுக்கு வந்தது. அவர் வந்து போட்ட சத்தத்துக்குச் சித்ராதான் போய் மன்னிப்புக் கேட்டாள்.

இந்தச் சட்டம் அந்த வீட்டுக்கு எப்படி வந்தது என்பதைச் சொல்லிவிட வேண்டும். சித்ராவின் புருஷன் பூந்தமல்லி ரோட்டில் லாரி மோதி இறந்துபோனான். அதன் பிறகு நாகேந்திரன்தான் தங்கையையும் அவள் மகள் கிருஷ்ணப்பிரியாவையும் திருநின்றவூருக்கு அழைத்துவந்து தன் வீட்டில் வைத்துக்கொண்டார். மருமகளைக் கல்லூரியில் சேர்த்ததும், அவள் கேட்ட கிரிக்கெட் பேட்டை வாங்கித் தந்ததும் அவர்தான். நல்ல மனுஷர், அதில் சந்தேகமில்லை. ஆனால் துக்கம் நடந்த அந்த வருஷம் ஒரு மேட்ச் நாளில், சித்ரா காபி எடுத்துக்கொண்டு ஹாலுக்குள் வந்த சமயம் ஒரு விக்கெட் விழுந்தது. டில்லிபாபு பாதி விளையாட்டாக, "அக்கா வந்தாங்க, ஆள் பூட்டான்" என்றார். யாரும் சிரிக்கவில்லை. அடுத்த மேட்ச்சில் அண்ணி மைதிலி, நீ உள்ளேயே இரும்மா, காபியை நான் கொண்டுபோகிறேன் என்று தட்டை வாங்கிக்கொண்டாள். அவ்வளவுதான், அது சட்டமாகிவிட்டது. சித்ரா அம்பத்தூர் எஸ்டேட்டில் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்த நாட்களிலும் விக்கெட்டுகள் விழுந்துகொண்டுதான் இருந்தன. அவற்றுக்கு யார் பொறுப்பு என்று இதுவரை ஒருவரும் கேட்கவில்லை.

அவளோ கிரிக்கெட் பைத்தியம். சமையலறைக்குள் நின்று கமெண்டரியை மட்டும் கேட்டுக்கொண்டு, யார் எங்கே நிற்கிறார்கள் என்பதை மனசுக்குள்ளேயே பார்த்துக்கொள்வாள்.

அந்த மாதம் டிவியில் ஒரே பேச்சு. பெண்கள் மைதானத்துக்குள் வந்து ஆட்டம் பார்க்கக்கூடாது என்று சட்டம் போட்டிருக்கிற ஒரு நாட்டுக்கு நம் அணி போய் விளையாடலாமா, கூடாதா? அந்த நாடு எந்தத் திசையில் இருக்கிறது என்று நாகேந்திரனுக்குத் தெரியாது. ஆனால் கோபத்துக்குத் திசை எதற்கு? ஆட்டம் வேறு, அரசியல் வேறு என்று ஜெகன் வாதாடினான். சின்ன வயசிலிருந்து பாடுபட்ட ஆட்டக்காரனை எவனோ போட்ட சட்டத்துக்காக ஏன் வீட்டில் உட்காரவைக்க வேண்டும், நாம் போகாவிட்டால் அங்கே இருக்கும் பெண்களுக்கு என்ன கிடைத்துவிடும் என்று கேட்டான்.

"ஏன் வரலன்னு நாலு பேர் கேப்பான் இல்ல? அதான் கெடைக்கும்," என்றார் நாகேந்திரன். "அங்க போயி ஆடுனா, அவன் பண்றதெல்லாம் கரீட்டுன்னு நாமளே கைதட்டுன மாரி."

சமையலறை வாசலில் நின்று இதைக் கேட்டுக்கொண்டிருந்த கிருஷ்ணப்பிரியா, மாமாவை முதல் தடவை பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

சொன்னதோடு அவர் நிற்கவில்லை. தெருமுனையில் பிளக்ஸ் வைத்தார். 'பெண்களை உள்ளே விடாத மண்ணில் விளையாடாதே!' என்று எழுதி, அதைவிடப் பெரிதாகத் தன் படத்தைப் போட்டு, அதில் கைகூப்பிச் சிரித்தார். அந்த நாட்டுப் பெண்களுக்கு ஆதரவாக ஏரிக்கரை மைதானத்தில் ஞாயிற்றுக்கிழமை மகளிர் கிரிக்கெட் போட்டிக்கும் ஏற்பாடு செய்தார். திருநின்றவூருக்கும் ஆவடிக்கும் மேட்ச். திருநின்றவூர் கேப்டன் கிருஷ்ணப்பிரியா.

மகள் பந்து வீசிச் சித்ரா பார்த்ததே இல்லை. எப்போதும் வேலை, இல்லாவிட்டால் வேறு ஏதாவது. இந்தத் தடவை ஓவர்டைமுக்கு வரமுடியாது என்று சூப்பர்வைசரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டாள். வெளிர்நீலச் சேலையை இஸ்திரி போட்டு நாற்காலிமேல் விரித்து வைத்திருந்தாள். சனிக்கிழமை மத்தியானம் சாப்பிட்டு எழுந்த நாகேந்திரன் அந்தச் சேலையைப் பார்த்தார். கை கழுவிவிட்டு வந்து, பக்கத்தில் நின்று, குரலைத் தாழ்த்திப் பேசினார்.

"நல்ல காரியம்மா. குத்துவெளக்கு ஏத்தறோம். பெரிய மன்சங்க வராங்க. நீ ஊட்லயே இரேன். பாப்பா ஜெயிக்கணும்னு உனக்கு மட்டும் ஆசை இல்லியா?"

அந்தக் கடைசிக் கேள்விதான் சித்ராவை அடித்துப் போட்டது. அவர் அதட்டியிருந்தால் எதிர்த்திருப்பாள். இவ்வளவு வருஷம் கேட்டுக் கேட்டு அவளுக்கே உள்ளுக்குள் ஒரு பயம் ஒட்டிக்கொண்டிருந்தது. நான் போய் நின்று, பிள்ளை தோற்றுவிட்டால்? சேலையை மடித்து பீரோவில் வைத்தாள். பீரோ மூடும் சத்தம் கேட்டுத் திரும்பிய கிருஷ்ணப்பிரியாவுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. ஆத்திரத்தில் அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மைதானம் நிறைந்திருந்தது. சிறப்பு விருந்தினர் பெண் கவுன்சிலர் என்று நோட்டீஸில் போட்டிருந்தார்கள். வழக்கம்போல அவருடைய கணவர் வந்திருந்தார். பெண் உரிமை பற்றி அவர் பேசிய பேச்சு வெயிலைவிட நீளமாக இருந்தது. பிறகு விளக்கேற்றினார்கள். டாஸ் ஜெயித்த கிருஷ்ணப்பிரியா பந்து வீசுவதாகச் சொன்னாள். சொல்லிவிட்டு, தன் ஆட்களோடு பிளக்ஸுக்கு நேர்கீழே போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

நாகேந்திரன் மைக்கும் கையுமாக ஓடினார். "இன்னாம்மா குந்திகினீங்க? எழுந்திரு."

"ஆட மாட்டோம் மாமா."

"ஏன்?"

"நீங்க சொன்னதுதான். பொம்பளைங்கள உள்ள உடாத எடத்துல ஆடக்கூடாது. ஆடுனா கைதட்டுன மாரி."

"இங்க யாரு உடல? இம்மாம் பேரு கீறாங்களே?"

"எங்கம்மா எங்க மாமா?"

மைக் அணைக்கப்படவில்லை. ஏரிக்கு அந்தப் பக்கம் மாடு மேய்த்துக்கொண்டிருந்தவர்கூடத் திரும்பிப் பார்த்தார்.

ஆவடி கேப்டன் பானுப்பிரியா வந்து விசாரித்தாள். புருஷனை இழந்த தன் அத்தையைக்கூட எந்தக் கல்யாணத்திலும் முன்வரிசைக்கு விடுவதில்லை என்று அவளாகவே சொல்லிவிட்டு, ஆவடி ஆட்களையும் கூப்பிட்டு உட்காரவைத்தாள். கவுன்சிலரின் கணவர் இதெல்லாம் நிகழ்ச்சியில் ஒரு பகுதி என்று நினைத்துப் பலமாகக் கைதட்டினார். கொஞ்ச நேரம் கழித்து, ஏன் இன்னும் ஆட்டம் ஆரம்பிக்கவில்லை என்று கேட்டார். அவருக்குப் பின்னால் இருந்தவர்களும் கேட்டார்கள்.

ஜெகன் மெதுவாகக் கிட்டே வந்தான். "அண்ணாத்தே, நாலு பேர் கேக்கறாங்க."

தலைக்குமேல் இவ்வளவு பெரிசாகக் கைகூப்பிச் சிரித்துக்கொண்டிருக்கும் தன் முகத்தை நாகேந்திரன் நிமிர்ந்து பார்த்தார். அதைக் கிழித்துப் போட முடியாது. ஸ்கூட்டரை எடுத்தார்.

வீட்டில் சித்ரா துணி மடித்துக்கொண்டிருந்தாள். வாசலில் வேர்த்து விறுவிறுத்து நின்ற அண்ணனைப் பார்த்ததும் பதறிப்போனாள்.

"தோத்துப்பூட்டாளாண்ணா?"

"ஆடவே இல்ல. நீ வந்தாத்தான் ஆடுவேன்னு குந்திகினு கீது." அவர் செருப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "வாம்மா. என் மானம் போவுது."

அவள் அவரை வாசலிலேயே நிற்கவைத்துவிட்டு, வெளிர்நீலச் சேலையை நிதானமாகக் கட்டிக்கொண்டு வந்தாள். தலையில் ஒரு முழம் மல்லிகையும் இருந்தது. நாகேந்திரன் அதைப் பார்த்துவிட்டு ஸ்கூட்டரைக் கிளப்பினார்.

முன்வரிசையில் கவுன்சிலரின் கணவருக்குப் பக்கத்து நாற்காலி கிடைத்தது. கிருஷ்ணப்பிரியா ஓடிவந்து முதல் பந்தை வீசினாள். நடு ஸ்டம்ப் பிடுங்கிக்கொண்டு போய்ப் பின்னால் விழுந்தது. சித்ரா எழுந்து நின்று அழுதாள். வருஷக்கணக்கில் ஒரு விக்கெட்டுக்காக வாய்விட்டுச் சத்தம் போட அவளுக்கு உரிமை இருந்ததில்லை. அன்றைக்குச் சேர்த்துவைத்துப் போட்டாள்.

அவளைவிடப் பெரிய சத்தம் நாகேந்திரனுடையது. "பாத்தியா? என் தங்கச்சி வந்து குந்துனா, ஆளு அவுட்!" என்று டில்லிபாபுவைக் கட்டிப்பிடித்துக் குதித்தார்.

திருநின்றவூர் ஜெயித்தது. சித்ராவின் ராசியும் ஒரே நாளில் கட்சி மாறிவிட்டது.

அடுத்த வாரம் டிவியில் மேட்ச். ஹாலில் சோபாவின் நட்டநடுவில் சித்ராவுக்கு இடம். காபியும் பஜ்ஜியும் அவளைத் தேடி வந்தன. மைதிலி அவள் தலையில் பூக்கூட வைத்துவிட்டாள். ஒரே ஒரு நிபந்தனை, அவள் அசையக்கூடாது. அவள் இடப்பக்கம் சாய்ந்திருந்தபோது ஒரு சிக்ஸர் போனதால், இடப்பக்கமே சாய்ந்திருக்கும்படி டில்லிபாபு கேட்டுக்கொண்டார். கடைசி ஓவர் வந்தது. ஜெகன் மறுபடியும் அடக்கிக்கொண்டிருந்தான்.

தகரக் கூரைமேல் தண்ணீர் கொட்ட ஆரம்பித்தது.

சித்ரா எழுந்தாள்.

"குந்து சித்ரா. நாலு பாலுதான் கீது. நீ எழுந்தா பூடும்."

"தண்ணி வழியுதுண்ணா."

"வழியட்டும்மா. உன் ராசிலதான் ஓடிகினு கீது."

சித்ரா ஹாலின் குறுக்கே, அவசரமில்லாமல் நடந்துபோனாள். சுவிட்சுக்குக் கை நீட்டியபோது அவள் முதுகு டிவியை முழுசாக மறைத்தது. மோட்டார் நின்றது. அதே சமயம் தெரு முழுக்க ஒரு பெருஞ்சத்தம் எழுந்தது. அது சந்தோஷமா, துக்கமா என்று தெரியவில்லை.

"இன்னாச்சு? அவுட்டா? சிக்ஸா?" நாகேந்திரன் சோபாவில் ஏறி நின்று எட்டிப் பார்த்தார்.

"தெரியலண்ணா. நான் மோட்டார பாத்துகினு இருந்தேன்."

ஜெகன் பாத்ரூமுக்கு ஓடினான். சித்ரா சோபாவுக்குத் திரும்பிப் போகவில்லை. சமையலறைக்கும் போகவில்லை. ஜெகன் விட்டுப்போன பிளாஸ்டிக் நாற்காலியை டிவிக்கு நேரே இழுத்துப் போட்டு, கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து, மிச்ச ஓவரைப் பார்த்தாள்.