நாய் குரைக்காத ஆள்

பிரேமா அந்த ஆளை முதலில் பார்த்தது ஐப்பசி மாதத்து மாலை ஒன்றில். கொல்லைக் கொடியில் காய்ந்த துணிகளை எடுத்துக்கொண்டிருந்தாள். சவுக்குத் தோப்பின் ஓரத்தில் யாரோ நிற்பது போலிருந்தது. வெளிச்சம் பின்னால் இருந்ததால் முகம் தெரியவில்லை. ஆள் அசையவும் இல்லை.

“யாரது?” என்று குரல் கொடுத்தாள். 

கவரைப்பேட்டையிலிருந்து உள்ளே தள்ளியிருந்த அந்த ஊரில் அவள் வீடுதான் கடைசி. அதற்கப்பால் தோப்பு. தோப்பைத் தாண்டினால் முள் மண்டிய தரிசு. அதற்கும் அப்பால் இரும்புக் கம்பி போடும் கம்பெனியின் மதில். அவள் கணவன் துளசிராமன் அங்கேதான் வேலை பார்த்தான். ஆடியில் ஒருநாள் வேலை முடிந்து வந்து, முகம் கழுவக் குனிந்தவன் அப்படியே சாய்ந்துவிட்டான். வேறொரு கம்பெனியின் கேன்டீனில் சமையல் வேலையில் இருந்த பிரேமா சேதி கேட்டு ஓடி வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. பிள்ளைகள் இல்லை. இப்போது வீட்டில் அவளும், அவன் வளர்த்த ராக்கி என்ற நாயும்தான்.

அந்த ஆளைவிட அவளை அதிகம் கலங்கடித்தது ராக்கிதான். அது யாரையும் லேசில் விடாது. அடிக்கடி வந்து போகும் கொழுந்தன் சரவணனைப் பார்த்தே குரைக்கும். அன்றைக்கு அது தோப்பைப் பார்த்தபடி மெதுவாக வாலை ஆட்டியது.

துணிகளை வாரி எடுத்துக்கொண்டு உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டாள்.

மறுநாள் சரவணனிடம் சொன்னாள். ஊருக்குள் மாதா கோயில் தெருவுக்குப் பக்கத்தில் அவன் வீடு. பெயின்ட் கம்பெனியில் லோடு ஏற்றுகிறவன், முன்கோபி.

“வடக்கத்திக்காரனா இருப்பான் அண்ணி. நோட்டம் பாக்கறானுங்க. எபினேசர் அண்ணன் ஊட்ல மோட்டார் ஒயரையே அறுத்துக்கினு போயிட்டானுங்க, தெரியுமா? நீ பேசாம நம்ம ஊட்டாண்ட வந்து படுத்துக்கோ.”

“ஊட்ட உட்டுட்டு எங்கயும் வரமாட்டன் சரவணா.”

“அப்ப நானே ஒரு நாள் வந்து அவன புடிக்கிறேன்.”

ஆனால் சரவணன் வந்து காத்திருந்த நாட்களில் யாரும் வரவில்லை. அவன் வராத நாட்களில், பொழுது சாய்கிற நேரத்தில், தோப்போரம் அந்த உருவம் நின்றது. கிட்டே வராது. கூப்பிட்டால் மரங்களுக்குள் போய்விடும். ஒருநாள் அவள் வேலையிலிருந்து வந்தபோது கொல்லைக் குழாயடியில் ஈரம் இருந்தது. ஈர மண்ணில் செருப்பில்லாத கால் தடங்கள். துளசிராமன் கால் கழுவுகிற கல்மேல் யாரோ உட்கார்ந்து போயிருந்தார்கள். ராக்கி அந்தக் கல்லைச் சுற்றிச் சுற்றி முகர்ந்துவிட்டு, அதன் பக்கத்திலேயே படுத்துக்கொண்டது. கூப்பிட்டும் வரவில்லை.

அதன்பிறகு பிரேமாவுக்குச் சரியான தூக்கமில்லை. பாத்திரம் கழுவும்போதுகூட முதுகுக்குப் பின்னால் யாரோ நிற்பதுபோல இருக்கும். திரும்பிப் பார்க்காமல் இருக்க முடிந்ததே இல்லை.

அடுத்த வாரம் ஒருநாள் பஸ் வரவில்லை. சரவணன்தான் தன் பைக்கில் அவளைக் கூட்டி வந்தான். இருட்டத் தொடங்கியிருந்தது. வீட்டுத் திருப்பத்தில் பைக் வளைந்தபோது முன்விளக்கின் வெளிச்சம் தோப்பின்மேல் ஒருமுறை சுழன்றது. மரங்களுக்கு நடுவே, ஆள் உயரத்தில், இரண்டு பட்டைகள் பளீரென்று எரிந்தன. கம்பெனிச் சட்டைகளில் தோள்பட்டையில் வைத்துத் தைத்திருப்பார்களே, விளக்கு பட்டால் மின்னும் பட்டை, அது. முகமோ கையோ எதுவும் தெரியவில்லை. பட்டைகள் மட்டும்தான். வலது தோளில் முழுப் பட்டை. இடது தோளில் பாதி.

சரவணன் பிரேக் போட்டதில் வண்டி நின்று அணைந்தது. பட்டைகளும் அணைந்தன.

 இடது தோளில் பாதிப் பட்டை எப்படிப் போனது என்று இருவருக்கும் தெரியும். ராக்கி குட்டியாக இருந்தபோது துளசிராமனின் சட்டையைக் கொடியிலிருந்து இழுத்துக் கடித்துக் கிழித்தது. காரியம் முடிந்த மறுநாள் அவனுடைய துணிகளையெல்லாம் மூட்டை கட்டி ஏரிக்கரைச் சுடுகாட்டில் போட்டுவிட்டு வந்தவனும் சரவணன்தான்.

“அண்ணி... உள்ள போ,” என்றான். குரல் அவனுடையது போலவே இல்லை.

அன்று அவன் வாசல் படியில் எலுமிச்சம்பழம் ஒன்றை நசுக்கிவிட்டு, நெற்றி நிறையத் திருநீறு பூசிக்கொண்டு, கதவுக்கு உள்பக்கமே படுத்திருந்தான். பிரேமா அழவில்லை. பயந்தாளா என்றால், அதுவும் அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. ‘நெஜமாவே அவுருன்னா, ஏன் கிட்ட வரமாட்டேங்கறாரு?’ என்பதையே மனம் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தது.

விடிந்ததும் சரவணனுக்குத் தைரியம் வந்துவிட்டது. பேயாவது பிசாசாவது, சுடுகாட்டில் கிடந்த சட்டையை எவனோ எடுத்துப் போட்டுக்கொண்டு பயமுறுத்துகிறான் என்றான். “இன்னிக்கி ஆளுங்கள கூட்டிக்கினு வரேன். உருட்டுக்கட்டையோட.”

பிரேமா வேலைக்குப் போகவில்லை. பொழுது இறங்கத் தொடங்கியதும் ராக்கி எழுந்து, உடம்பை முறுக்கி நெளித்துவிட்டு, தோப்புக்குள் இறங்கியது. துளசிராமன் ஷிஃப்ட் முடிந்து வரும் நேரம் அது. அவன் இருந்தவரை நாய் இப்படித்தான் தினமும் எதிர்கொண்டு போய் அழைத்து வரும். அவன் போன பிறகும் அது போவதை நிறுத்தவில்லை என்பதை, வேலையிலிருந்து அதற்குப் பிறகே வீடு திரும்புகிற பிரேமா இதுவரை பார்த்ததில்லை.

அவள் பின்னாலேயே போனாள். தோப்புக்குள் காற்று சவுக்கு இலைகளில் உரசி, யாரோ மூச்சு விடுவதுபோல ஒலித்தது. நாய் ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. தரிசைத் தாண்டி, கம்பெனி ரோட்டிலிருக்கும் சிறுபாலத்தின் அருகே போய் நின்றது.

பாலத்துக் கட்டையில் ஒருவன் உட்கார்ந்திருந்தான். பின்பக்கத்திலிருந்து பார்த்தவள் அங்கேயே நின்றுவிட்டாள். அதே நீலச் சட்டை. அதே மாதிரி சற்றுக் கூனிய முதுகு.

ராக்கி போய் அவன் மடியில் தலையை வைத்தது. மூக்கைச் சட்டையின் நுனிக்குள் நுழைத்துக்கொண்டு கண்ணை மூடியது. அவன் அதன் காதைத் தடவிக் கொடுத்தான். திரும்பியபோதுதான் பிரேமா முகத்தைப் பார்த்தாள். அவள் இதுவரை பார்த்தேயிராத முகம். தாடி மண்டிய, ஒட்டிய கன்னங்கள். முப்பது வயது இருக்கலாம். நெற்றியில் ஆறிப்போன பெரிய தழும்பு.

நாய் அந்தச் சட்டையின் வாசனைக்குப் போயிருக்கிறது. அவன் நாயின் பின்னால் வந்திருக்கிறான். அவ்வளவுதான்.

அதற்குள் முள்செடிகளுக்குப் பின்னாலிருந்து சத்தம் கேட்டது. வீட்டில் அவளைக் காணாமல் தேடி வந்த சரவணனும் ஊர் ஆட்கள் சிலரும் கட்டைகளோடு ஓடி வந்தார்கள். “புடிடா அவன! உடாத!”

ராக்கி சரவணனைப் பார்த்துப் பல்லைக் காட்டிக்கொண்டு பாய்ந்தது. பிரேமா குறுக்கே போய் நின்றாள்.

“கட்டைய கீழ போடு சரவணா!”

“நவுரு அண்ணி! உன்ன இத்தினி நாளு தூங்க உடாம பண்ணவன்!”

“அவன் இன்னா பண்ணான்? தண்ணி குடிச்சான், கால் கழுவிக்கினான். வேற இன்னா பண்ணான், சொல்லு!”

அந்த ஆளுக்கு ஒரு வார்த்தையும் புரியவில்லை. எல்லோரும் தன் உடம்பையே வெறித்துப் பார்ப்பதை மட்டும் கண்டான். பட்டன்களைக் கழற்றினான். சட்டையைக் கழற்றி, மடித்து, இரண்டு கைகளாலும் சரவணன் பக்கம் நீட்டினான். விலா எலும்புகள் ஒவ்வொன்றும் தெரிந்தன.

சரவணன் கட்டையைப் போட்டுவிட்டான். சட்டையை வாங்கவும் அவனால் முடியவில்லை.

பிரேமாதான் வாங்கினாள். ஒரு நிமிடம் அதை வைத்துக்கொண்டு நின்றாள். பிறகு உதறி, அந்த ஆளின் தோளில் போர்த்திவிட்டாள். கேன்டீனில் வடக்கத்தி ஆட்களிடம் அவள் கற்றுக்கொண்ட இந்தி ரொம்பக் கொஞ்சம்.

“கானா காயா?” என்றாள், சாப்பிட்டாயா என்று.

அவன் தலையைக் குனிந்துகொண்டு அழுதான்.

கேன்டீனுக்குச் சாப்பிட வரும் ஜார்க்கண்ட்காரர் ஒருவர் மறுநாள் வந்து பேசினார். அவன் கட்டட வேலைக்கு வந்தவனாம். சாரத்திலிருந்து விழுந்து தலையில் அடிபட்டிருக்கிறது. கூட வந்தவர்கள் வேறு ஊருக்குப் போய்விட, போன் எங்கோ தொலைந்துபோக, எங்கே போவது என்று தெரியாமல் ஏரிக்கரையிலேயே இருந்திருக்கிறான். ஊர்ப் பெயர் மட்டும் நினைவிருந்தது. மனிதர்கள் எல்லோரும் விரட்டினார்கள், இந்த நாய் மட்டும்தான் தினமும் தேடி வந்தது என்றானாம்.

ஊருக்குத் திரும்பும் கூட்டத்தோடு அவனைச் சேர்த்துவிட்டார்கள். கவரைப்பேட்டை ஸ்டேஷனுக்குப் பிரேமாவும் சரவணனும் போனார்கள். சரவணன் வாங்கித் தந்த புதுச் சட்டை அந்த ஆளின் பையில் இருந்தது. குளிருக்கு இதமாக இருப்பதாகச் சொல்லி நீலச் சட்டையையே போட்டிருந்தான். மின்சார ரயில் கிளம்பியபோது அவன் முதுகு கூட்டத்துக்குள் மறைவதைப் பிரேமா பார்த்துக்கொண்டே நின்றாள். அதன் பிறகு பிளாட்பாரத்து பெஞ்சில் உட்கார்ந்து, ஆடி மாதத்திலிருந்து அழாத அழுகையை அழுது முடித்தாள். சரவணன் தள்ளி நின்று வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான்.

பத்திரமாக ஊர் போய்ச் சேர்ந்துவிட்டான் என்று பிறகு போன் வந்தது.

சரவணன் கொல்லைப்புறம் பெரிய விளக்கு ஒன்றைப் போட்டுக் கொடுத்திருக்கிறான். தோப்பின் ஓரம்வரை வெளிச்சம் விழுகிறது. சில மாலைகளில் பிரேமா அதைப் போடுவதில்லை. வெளியே வந்து, மரங்களுக்கு நடுவே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். அங்கே யாரும் இருப்பதில்லை.