ட்ரெபிள் போதவில்லை

டுவேன் லெமன்ஸுக்கு ஸ்பீக்கர் வாங்கப் போவது பெண் பார்க்கப் போவது மாதிரி. சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டையோடுதான் கிளம்புவான். அமெரிக்காவின் க்ரீன் பே வட்டாரத்தில் முப்பத்திரண்டு வருஷமாகக் கல்யாணங்களுக்குப் பாட்டுப் போடுகிற டி.ஜே. அவன். அந்த வெள்ளிக்கிழமை காலையில் வேனில் ஏறும்போது அவனுக்கிருந்த உற்சாகத்தில் கால்வாசிகூட அவன் மனைவி பெவ்வுக்கு இல்லை.

ஏனென்றால் பழைய ஸ்பீக்கர்களுக்கு ஒரு குறையும் இல்லை என்பது அவளுக்குத் தெரியும்.

"சத்தம் மங்கிப்போச்சு பெவ். கம்பளிக்குள்ள இருந்து பாடுற மாதிரி இருக்கு. ட்ரெபிள் போதவே இல்ல" என்று இரண்டு வருஷமாகப் புலம்புகிறான். மங்கியது ஸ்பீக்கர் பெட்டி அல்ல, அவன் காது. முப்பத்திரண்டு வருஷம் அந்தப் பெட்டிகளுக்குப் பக்கத்திலேயே நின்றால் எந்தக் காதுதான் தாங்கும்? கூர்மையான சத்தமெல்லாம் அவனை விட்டுப் போய்விட்டது. அதை ஈடுகட்ட, ஒலியைக் கூட்டிக் குறைக்கிற மிக்ஸரில், கூர்மைக்கான ட்ரெபிள் குமிழை முழுக்கத் திருகி வைப்பான். மண்டபத்தில் இருப்பவர்கள் பல்லைக் கடிப்பார்கள். அவன் பாத்ரூம் போகும் நேரம் பார்த்து பெவ் ஓடிப்போய்க் குமிழைக் குறைத்து வைப்பாள். திரும்பி வருகிறவன், "பாத்தியா, மறுபடி மங்கிடுச்சு" என்று பெட்டியைத் தட்டுவான். இப்படியே எண்பது கல்யாணம் ஓடிவிட்டது.

சொல்லியிருக்கலாம்தான். வாய் வரவில்லை. கையில் மைக் இருந்தால்தான் அவன் ஆள். வீட்டில் நாலு வார்த்தை பேசவே யோசிக்கிற மனுஷன், மண்டபத்தில் முந்நூறு பேரை வரிசை கட்டி ஆட வைப்பான். அதைப் போய் எப்படிப் பிடுங்குவது?

ஏப்ரலில் பெவ்வுக்கு இடுப்பில் ஆபரேஷன் நடந்தது. மூன்று கல்யாணங்களுக்கு டுவேன் தனியாகப் போனான். குமிழைக் குறைக்க ஆள் இல்லை. மூன்றாவது கல்யாணத்தில் பாதிக் கூட்டம் வெளியே கார்களுக்கு நடுவில் நின்றே பீர் குடித்ததாம். "இப்பத்த ஜனங்களுக்கு போல்கா ஆடத் தெரியல" என்று வந்து சொன்னான். அடுத்த சனிக்கிழமை கெவானியில் ஹேலி என்கிற பெண்ணின் கல்யாணம். அதற்குள் புதுப் பெட்டி வாங்கிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று சத்தியமாக நம்பினான்.

கடையில் ஸ்பீக்கர் பகுதியைப் பார்த்துக்கொள்கிற மரிசோல் அவனுக்குப் பழக்கம். வாரக் கடைசியில் அவளும் டி.ஜே.தான்.

"வாங்க மாப்பிள்ளை! என்ன, இன்னைக்கு ஒரேயடியா மின்னுறீங்க?"

"இருக்கறதுலயே சத்தமான பெட்டியக் காட்டு தாயி. ஆயிரம் வாட்ஸுக்குக் குறையாம."

"வாட்ஸ் அட்டையில அச்சடிக்கிற நம்பரு. அத நம்புறதும் கல்யாணத்துக்குப் பாக்குற போட்டோவ நம்புறதும் ஒண்ணுதான். பெட்டிய யாரு தூக்கப் போறது, அதச் சொல்லுங்க."

"நான்தான். இவ இடுப்புல இரும்பு வச்சிருக்கு."

"அப்ப பன்னண்டு இஞ்ச் பெட்டி போதும். பதினஞ்ச வாங்கி மாடிப்படி ஏறுனா உங்களுக்கும் இரும்புதான்."

பெவ் சிரித்தாள். ஒருவேளை இன்று தப்பித்துவிடலாம். நல்ல பெட்டியாகத் தானே ஒன்றைக் காட்டி, அவனைத் தலையாட்ட வைத்துவிட்டால் போதும். அடுத்த சனிக்கிழமை அவளே மிக்ஸர் பக்கத்தில் நிற்பாள்.

மரிசோல் மூன்று பெட்டிகளை ஸ்டாண்டில் ஏற்றினாள். டுவேன் சட்டைப் பையிலிருந்து பென் டிரைவை எடுத்தான். இந்தத் தொழிலில் ஒவ்வொருவனிடமும் பெட்டியைச் சோதிக்க என்றே ஒரு பாட்டு இருக்கும். டுவேனுடையது ஏதோ ஒரு மண்டபத்தில் பதிவு செய்த போல்கா ஆட்டப் பாட்டு. அதன் கடைசியில் டிரம்காரர் சின்னத் தாளத் தகட்டை ஒரு தட்டுத் தட்டி ஒலிக்க விடுவார். கூட்டத்தில் யாரோ ஒரு பெண் சிரிப்பாள். தகடும் சிரிப்பும் தெளிவாகக் கேட்டால் அது நல்ல பெட்டி. முப்பது வருஷமாக அவனுக்கு அதுதான் அளவுகோல்.

முதல் பெட்டிக்கு, "தேவலாம்" என்றான்.

இரண்டாவதற்குக் கண்ணை மூடிக்கொண்டான். முகம் மலர்ந்தது. பெவ்வுக்கு அந்தப் பெட்டியில் 'தும் தும்' என்பதைத் தவிர ஒன்றும் கேட்கவில்லை. தகடும் இல்லை, சிரிப்பும் இல்லை. பாட்டு முடிந்தது.

"இதுதான் பெவ்! கேட்டியா அந்தத் தகட்ட? அவ சிரிக்கிறா பாரு, பக்கத்துல நிக்கிற மாதிரி! ரெண்டா குடு மரிசோல்."

மரிசோல் புருவத்தை நெரித்தபடி பெட்டிக்குப் பின்னால் போய்க் குனிந்து பார்த்தாள். நிமிர்ந்தபோது அவள் முகத்தில் விளையாட்டு இல்லை.

"மன்னிச்சிருங்க. இது ரிப்பேருக்குப் போக வேண்டியது. கூர்மையான சத்தம் தர்ற ட்வீட்டர் எரிஞ்சுபோச்சு. மறந்துபோய் இதத் தூக்கி வச்சிட்டேன்."

"எரிஞ்சுபோச்சா? யாருகிட்ட கதை விடுற? தகடு கணீர்னு கேட்டுச்சே!"

"இதுல தகட்டுச் சத்தம் வர வழியே இல்ல டுவேன்." பிறகு குரலைத் தணித்துக்கொண்டாள். "முப்பது வருஷமா கேக்குற பாட்டு. பெட்டி பாடாட்டியும் மனசு பாடிரும். எல்லாருக்கும் நடக்கறதுதான்."

டுவேன் பெவ் பக்கம் திரும்பினான். "நீ சொல்லு. கேட்டுச்சா இல்லையா?"

பெவ் பெட்டியைப் பார்த்தாள், தன் கைத்தடியைப் பார்த்தாள். அவனைத் தவிர எல்லாவற்றையும் பார்த்தாள்.

"உனக்குத் தெரிஞ்சிருக்கு" என்றான் அவன்.

"ம்."

"எப்பலேருந்து?"

"ரெண்டு வருஷமா."

"அப்ப அந்த ட்ரெபிள்..."

"நான்தான் குறைச்சேன்."

அவன் கத்தவில்லை. கத்தியிருந்தால் அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். பென் டிரைவைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டு வெளியே நடந்தான். தடியை ஊன்றி அவள் வேனுக்கு வந்து சேர்வதற்குள் அவன் உட்கார்ந்து ஸ்டியரிங்கை வெறித்துக்கொண்டிருந்தான். தெருவில் லாரிகள் போய்க்கொண்டிருந்தன.

"மூணு கல்யாணம். மூணு வீட்டு ஜனங்களக் கொடுமைப்படுத்தி இருக்கேன்" என்றான். "ஹேலிகிட்ட நானே சொல்லிடுறேன். அந்தப் பொண்ணு நாளும் கெட வேணாம்."

கொஞ்ச நாளாகப் பழகியபடி போனை ஸ்பீக்கரில் போட்டு வாய்க்கு நேராகப் பிடித்துக்கொண்டான். காது சரியில்லை, அடுத்த வாரம் வர முடியாது, வேறு நல்ல ஆளைச் சொல்லிவிடுகிறேன் என்று தடுமாறாமல் சொன்னான். பெவ்வுக்கு அவனைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல இருந்தது.

எதிர்முனையில் ஹேலி அழுதுவிட்டாள். அழுகையோடு கடகடவென்று பேசினாள். "ஐயோ, கடவுள் இருக்காரு மிஸ்டர் லெமன்ஸ்! உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு ஒரு வாரமா தூங்கல. எங்க அக்கா கல்யாணத்துல நீங்க போட்டப்போ எங்கம்மா காதப் பொத்திட்டு வெளிய போய்ட்டாங்க. நாங்க வேற ஆள ஏற்பாடு பண்ணிட்டோம். ரொம்ப தேங்க்ஸ்!"

"சரிம்மா. சரிம்மா" என்று சொல்லிப் போனை வைத்தான் டுவேன். பெவ்வைப் பார்த்தான். "ஒரு வார்த்தையும் பிடிபடல. அழுதாளோ?"

"ஆமா. அழுதா."

"நான் வரலைன்னு சொன்னதுக்கா?"

பொய் சொல்ல வேண்டும் என்று அவள் நினைக்கவில்லை. இரண்டு வருஷப் பழக்கம் அவளை முந்திக்கொண்டது. "ஆமா" என்றாள்.

அவன் முகத்தில் உயிர் வந்ததைப் பார்த்தபோதுதான் என்ன செய்துவிட்டோம் என்று அவளுக்கு உறைத்தது.

"அப்புறம் என்ன இழவுக்கு நான் வேணாம்னு சொன்னேன்!" டுவேன் கதவைத் திறந்து ஒரு காலைக் கீழே வைத்துவிட்டான். "காது போனா என்ன, உனக்குக் காது இருக்குல்ல? ட்ரெபிள நீ பாத்துக்க, ஒளிஞ்சு மறைஞ்சு இல்ல, பக்கத்துலயே நின்னு. ஆட வைக்கிறத நான் பாத்துக்கறேன். அந்த முதல் பெட்டியவே எடுத்துருவோம். இரு, அந்தப் பொண்ணு அழுதிட்டு இருக்கும், முதல்ல அதுகிட்ட சொல்லிடுறேன்."

மறுபடி ஹேலியின் நம்பரை அழுத்தப் போனான். பெவ் அவன் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"போடாத. அவங்க வேற ஆள் வச்சிட்டாங்க."

"என்ன?"

"வேற ஆள் வச்சிட்டாங்க டுவேன்."

ஒரு லாரி கடந்து போனது. அவன் சிரித்த முகம் மாறாமல் அவள் பக்கம் சாய்ந்து, காதை அவள் வாயருகே கொண்டுவந்தான். "கொஞ்சம் சத்தமாச் சொல்லேன்."

பெவ் மூச்சை இழுத்துக்கொண்டு கத்தினாள். "அவங்களுக்கு நீ வேணாமாம்! நீ வரலைன்னு சொன்னதும் நிம்மதியில அழுதா!"

கடை வாசலில் பெட்டியோடு வந்த ஒருவர் நின்று திரும்பிப் பார்த்தார். டுவேனுக்கும் கேட்டுவிட்டது.