சட்டம் சொன்ன வழி

பதினாலரை வயதில் பிரிட்டாவுக்குக் கார் ஓட்டும் உரிமம் கிடைத்தது. அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் பண்ணை வீட்டுப் பிள்ளைகளுக்கு அது ஒன்றும் அதிசயமில்லை. முழு உரிமம் அல்ல, பள்ளி உரிமம். தனியாக ஓட்டலாம், ஆனால் வீட்டிலிருந்து பள்ளிக்கும், பள்ளியிலிருந்து வீட்டுக்கும்தான். அதுவும் இருப்பதிலேயே தூரம் குறைந்த வழியில் மட்டும். பதினாறில் அடுத்த படி, பதினேழில் அதற்கும் அடுத்த படி. நடுவில் விபத்து, அபராதம் என்று ஏதாவது வந்துவிட்டால் மேலே ஏறுவது தள்ளிப்போகும்.

வீட்டிலிருந்து பள்ளி பதினோரு மைல். குறுகிய வழி என்பது சரளைச் சாலை. இரண்டு பக்கமும் ஆளை மறைக்கும் மக்காச்சோளம். பாதி தூரத்தில், டர்க்ஸ் கிழவரின் வீட்டருகே, ஒரு நாற்சந்தி. 'நில்' என்ற பலகைகூடக் கிடையாது. அறுவடை முடிகிறவரை குறுக்கே என்ன வருகிறதென்று சந்திக்குள் மூக்கை நீட்டினால்தான் தெரியும்.

பிரிட்டா பள்ளி வாத்தியக் குழுவில் டிராம்போன் என்ற நீண்ட ஊதுகுழல் வாசித்தாள். ஏழே முக்காலுக்குப் பயிற்சி. பள்ளிப் பேருந்து எட்டுக்கு மேல்தான் போய்ச் சேரும். அம்மா ரெனே மருத்துவமனைச் சமையலறை வேலைக்கு விடியுமுன் கிளம்பிவிடுவாள். அப்பா லைலுக்குப் பன்றிக் கொட்டகையை விட்டு நகர முடியாது. ஆகவே மாமா கொடுத்த பழைய வெள்ளைக் காரில் அவள் தனியாகப் போனாள். டர்க்ஸ் மூலையைத் தினமும் சரியாக ஏழேகாலுக்குக் கடப்பாள்.

இரண்டாவது வாரத்தில்தான் அந்தப் புழுதியைக் கவனித்தாள். யாரோ சற்று முன்பு போயிருப்பதுபோல் சாலைமேல் தொங்கிக்கொண்டிருந்தது. முன்னால் எந்த வண்டியும் இல்லை. பால் வண்டியாக இருக்கும் என்று விட்டுவிட்டாள். ஒரு புதன்கிழமை இரவெல்லாம் மழை. காலையில் சரளை கறுத்து, சேறு டயரில் ஒட்டியது. அன்றும் அவளுக்கு முன்னால் உலர்ந்த வெள்ளைப் புழுதி எழும்பி நின்றது. கண்ணாடித் துடைப்பானைப் போட்டாள். புழுதி கண்ணாடியில் படியவே இல்லை.

அந்த வாரக் கடைசியில் வட்டாரக் காவல் தலைவரான ஷெரிஃபின் உதவியாளர் ஆஸ்மன் வீட்டுக்கு வந்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"லைல், நம்ம டர்க்ஸ் பெருசு புகார் கொடுத்திருக்காரு. உன் பொண்ணு அவரு வீட்டு மூலையில பேய் மாதிரி பறக்குறாளாம்."

"நான் அங்க நடக்குற வேகத்துலதான் போவேன்," என்றாள் பிரிட்டா.

"தினமும் பாக்குறாராம்மா. வெள்ளைக் கார், பின்சீட்டுல அந்தப் பெரிய ஊதுகுழல் பெட்டி. காலையில ஆறே முக்காலுக்கு."

"ஆறே முக்காலுக்கு அவ இங்க காலைச் சாப்பாடு சாப்பிட்டுக்கிட்டு இருப்பா," என்றார் லைல்.

ஆஸ்மன் சிரிக்கவில்லை. "எனக்கென்ன, ஒரு தடவை சொல்லிட்டேன். அடுத்த தடவை அபராதம் எழுதத்தான் வேணும். எழுதினா உரிமம் போயிடும்."

அவர் போனதும் லைல் டர்க்ஸுக்குத் தொலைபேசியில் பேசினார். கிழவருக்கு எண்பத்திரண்டு வயது. ஆனால் கண் பழுதில்லை. "முதல்ல ஆறே முக்காலுக்குப் போனா. இப்பல்லாம் ஏழுக்குப் போறா. நாளுக்கு நாள் தாமதம். தூங்குமூஞ்சி ஆயிட்டாளா உன் மக?" என்றார். லைல் தொலைபேசியை வைத்துவிட்டார்.

அடுத்த புதன்கிழமை அப்பாவும் மகளுமாக லைலின் வண்டியில் கிளம்பி, டர்க்ஸின் தபால் பெட்டியருகே போய் நின்றார்கள். வெள்ளைக் கார் வீட்டு வாசலில் நின்றது. அதன் சாவி லைலின் சட்டைப் பையில் இருந்தது. சோளத் தாள்கள் காற்றில்லாமலே உரசிக்கொண்டிருந்தன. ஏழு மணி ஆறு நிமிடத்துக்கு, வடக்கே சரளை நொறுங்கும் சத்தம் கேட்டது. பிரிட்டா பார்த்தாள். ஒரு புழுதித் தூண் வந்தது. வந்தது, வேகம் குறையாமல் சந்தியைக் கடந்தது, தெற்கே போய்விட்டது. அதற்குள் எதுவும் இல்லை. கூழாங்கல் ஒன்று தெறித்து அவள் கணுக்காலில் பட்டது.

அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். உதடு வெளுத்திருந்தது. வலது கை பாதி தூக்கியபடி அப்படியே நின்றது.

"அப்பா, என்ன?"

"நீ பாக்கலையா?"

"புழுதிதான் பாத்தேன்."

லைல் கையை மெல்ல இறக்கினார். "நீதான் ஓட்டிட்டுப் போன. இதே சட்டை. என்னப் பாத்துக் கை காட்டின." தெற்கே போன சாலையைப் பார்த்தார். "நானும் காட்டினேன்."

வியாழன் அவர் தனியாகப் போனார். ஏழு ஒன்பது. வெள்ளியும் போனார். ஏழு பன்னிரண்டு. வீட்டுக்கு வந்து, சாப்பாட்டு மேசையில் விரலால் ஏதோ கோடு போட்டபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். அவர் என்ன கணக்குப் போடுகிறார் என்று பிரிட்டாவுக்குப் புரிந்தது. அவளும் அதையே போட்டு முடித்திருந்தாள். பள்ளி நாள் ஒன்றுக்கு மூன்று நிமிடம். திங்கட்கிழமை ஏழேகால், அவள் அந்த மூலையைக் கடக்கும் அதே நேரம்.

அன்று மதியமே உரிம அலுவலகத்துக்குப் போனார்கள். தார்ச் சாலை வழியாகப் போக அனுமதி வேண்டும் என்று கேட்டார் லைல். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் நல்லவள். வரைபடத்தையெல்லாம் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"தார்ச் சாலை மூணு மைல் அதிகம் சார். சட்டப்படி குறுகிய வழிதான். பாலம் உடைஞ்சிருக்கு, ரோடு மூடியிருக்குன்னா மாத்தலாம். என்ன காரணம்னு போடட்டும்?"

லைல் மகளைப் பார்த்தார். மகள் தரையைப் பார்த்தாள்.

"ஒண்ணுமில்ல விடுங்க," என்றார்.

ஞாயிறு இரவு ரெனேயிடம் எல்லாம் சொன்னார்கள். அவள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பைத்தியமா என்று கேட்கவில்லை. "நாளைக்கு இவ வீட்டை விட்டு நகரக் கூடாது. நானும் லீவு போடுறேன்," என்று மட்டும் சொன்னாள்.

திங்கட்கிழமை லைல் முன்னதாகவே மூலைக்குப் போய்விட்டார். பிரிட்டா சமையலறை ஜன்னலோரம் அமர்ந்திருந்தாள். வாசலில் வெள்ளைக் கார் பனித்துளி படர்ந்து நின்றது. கண்ணை எடுக்காமல் அதையே பார்த்தாள். அம்மா பின்னாலிருந்து அவள் இரண்டு தோள்களையும் பிடித்திருந்தாள். ஏழு பதினான்கு. ஏழேகால். கார் அசையவில்லை. பனித்துளி ஒன்றுகூட உருளவில்லை. ஆனால் அந்த நிமிடத்தில் பிரிட்டாவுக்குள் என்னவோ அறுந்தது. வலி இல்லை. நெருங்கிய யாரோ கதவைச் சாத்திக்கொண்டு வெளியே போய்விட்டதுபோல் இருந்தது. ஏனென்று தெரியாமல் அழுதாள்.

எட்டரைக்குத்தான் அப்பா வந்தார். கைகளெல்லாம் சோளத்தாள் கீறல்.

"மேற்கேருந்து சோள லாரி. முழு லோடு. வடக்கேருந்து நீ... அது வந்துச்சு. ரெண்டும் ஒண்ணா சந்திக்குள்ள நுழைஞ்சதைப் பாத்தேன். சத்தம் கேட்டுச்சு. அப்படி ஒரு சத்தம்." நாற்காலியில் உட்கார்ந்தார். "லாரி பள்ளத்துல கிடக்கு. ஓட்டினவனுக்குத் தோள்பட்டை எலும்பு போச்சு. அந்த நிலையிலயும் 'உள்ள ஒரு பொண்ணு இருந்தா, தேடுங்க, தேடுங்க'ன்னு கத்துறான். நானும் தேடினேன் ரெனே. இவ வீட்டுல இருக்கான்னு தெரிஞ்சும் தேடினேன்."

மதியம் வரை ஆஸ்மனும் இன்னும் நாலு பேரும் வயலை அலசினார்கள். கார் இல்லை. ஒரு சோளத்தட்டைகூட மடியவில்லை. லாரியின் முன்பக்கம் மட்டும் உள்ளே அமுங்கி, அதில் வெள்ளை வண்ணம் நீளமாக ஒட்டியிருந்தது. ஆஸ்மன் வீட்டுக்கு வந்து பிரிட்டாவின் காரை மூன்று தடவை சுற்றினார். குனிந்து, விரலால் தடவி, எங்கும் ஒரு கீறல்கூட இல்லாததைப் பார்த்தார். குறிப்பேட்டைத் திறந்தார், ஒன்றும் எழுதாமல் மூடினார்.

மூன்று வாரம் கழித்து லாரி ஓட்டியவன் வந்தான். டெரில் என்று பெயர், இருபத்தைந்து வயதிருக்கும். கையைத் துணியால் கழுத்தோடு சேர்த்துத் தொங்கவிட்டிருந்தான். வாசற்படியிலேயே நின்று பிரிட்டாவை உற்றுப் பார்த்தான்.

"நீதான்," என்றான்.

"நான் வீட்டுல இருந்தேன்."

"அப்படித்தான் எல்லாரும் சொல்றாங்க. அதான் கண்ணால பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்." அவன் கண் கலங்கியிருந்தது. "கடைசி நிமிஷம் நீ என் பக்கம் திரும்பின. பயப்படலை. அதைச் சொல்லணும்னு தோணுச்சு. நீ பயப்படவே இல்ல."

ரெனே காபி குடித்துவிட்டுப் போகச் சொன்னாள். அவன் உள்ளே வர மறுத்துவிட்டான். போகும்போது இரண்டு முறை திரும்பிப் பார்த்தான்.

அதன்பின் டர்க்ஸ் அந்தக் காரை மறுபடி பார்க்கவில்லை, புழுதியும் எழவில்லை. அந்த வருடமும் அடுத்த வருடமும் பிரிட்டா பேருந்திலேயே போனாள். வாத்தியக் குழுவிலிருந்து நின்றுவிட்டாள். அப்பா பக்கத்தில் உட்கார, தார்ச் சாலைகளில் மட்டும் ஓட்டிப் பழகினாள். வயலெல்லாம் அறுத்து வெட்டவெளியாகக் கிடந்தபோதும் சந்திகளில் வண்டியை முழுதாக நிறுத்தி, இறங்கி, இரண்டு பக்கமும் நடந்து பார்த்துவிட்டு வருவாள். பின்னால் நிற்கிறவர்கள் ஒலிப்பானை அடித்தாலும் லைல் அவளை அவசரப்படுத்தியதில்லை.

பதினாறு முடிந்து ஒரு வாரத்தில் அடுத்த படிக்காக அதே அலுவலகத்துக்குப் போனார்கள். அதே பெண்தான் இருந்தாள். படிவத்தைப் பார்த்து வரிசையாகக் கேட்டுக்கொண்டே வந்தாள். முகவரி, கண் பார்வை, எத்தனை மணி நேரம் ஓட்டிப் பழகியது.

"இந்த உரிமம் வாங்கினதுலேருந்து விபத்து ஏதாவது உண்டாம்மா?"

பிரிட்டா அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பெண் பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி காத்திருந்தாள். லைல் ஒரு அடி முன்னால் வந்தார், பிறகு நின்றுவிட்டார். பதிலை அவளேதான் சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தெரியும்.

"எனக்கு இல்ல," என்றாள் பிரிட்டா.

அந்தப் பெண் கட்டத்தில் ஒரு குறி போட்டுவிட்டு, படம் எடுக்க அவளை வெள்ளைத் திரைக்கு முன்னால் போய் நிற்கச் சொன்னாள்.