பரணிலிருந்து விழுந்த பூட்ஸ்

2014 நவம்பர் 15, சனிக்கிழமை. மிச்சிகன் மேல் தீபகற்பத்தில், பராகாவுக்குத் தெற்கே காட்டுக்குள் இருந்த ஒரு வேட்டைக் குடிலின் வாசலில் மாட்டியிருந்த வெப்பமானி, விடியுமுன் ஃபாரன்ஹீட் பூஜ்யத்துக்குக் கீழே ஆறு காட்டியது.

மான் வேட்டைக்கு அன்றுதான் முதல் நாள். குடிலுக்குள் அடுப்பருகே உட்கார்ந்து ஆர்வில் நிஸ்கலா மூன்றாவது ஜோடி சாக்ஸை இழுத்துக்கொண்டிருந்தார். வயது அறுபத்தொன்று, கனத்த உடம்பு, குனிந்தாலே மூச்சு வாங்கும். எதிரே அவர் மனைவியின் தங்கை லோர்னா காபியை உறிஞ்சியபடி வேடிக்கை பார்த்தாள். பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள்; எந்தக் குளிரிலும் வண்டியைக் கிளப்பிவிடுவாள்.

"அத்தான், சாக்ஸ் போடுறீங்களா, காலுக்கு மெத்தை தைக்கிறீங்களா?"

"போன வருஷம் ரெண்டு ஜோடி பத்தல."

"அதுக்கு முந்தின வருஷம் ஒண்ணு பத்தல. இப்படியே போனா எழுபது வயசுல பூட்ஸுக்குள்ள கால் போகாது. தலையில கவுத்துக்க வேண்டியதுதான்."

ஆர்வில் சாக்ஸை முழங்கால் வரை இழுத்துவிட்டார். அவருக்குக் காரணம் இருந்தது. சிடார் மரச் சதுப்பின் ஓரத்தில், மரத்தில் ஏறி உட்கார்ந்து மானுக்குக் காத்திருக்க ஒரு பரண் இருக்கிறது. மூன்று மான் தடங்கள் கூடும் இடம். குடிலுக்குச் சொந்தமான பரண்களில் அதுதான் ராஜா. பதினோரு வருடத்துக்கு முன் அதை மைத்துனர் டேலிடமிருந்து பறிப்பதற்காக ஆர்வில் ஒரு சட்டம் போட்டார்: தொடர்ந்து மூன்று வருடம் முதல் நாளில் நண்பகலுக்கு முன் இறங்கிவிடுகிறவருக்கு அந்தப் பரண் கிடையாது. டேலுக்கு அப்போது முதுகுவலி. சட்டம் அழகாக வேலை செய்தது. இப்போது ஆர்வில் இரண்டு வருடமாகக் கால் மரத்துப்போய் ஒன்பது மணிக்கே குடிலுக்குத் திரும்பிக்கொண்டிருந்தார். இன்றும் இறங்கினால் பரண் அடுத்து வரிசையில் இருந்த லோர்னாவுக்கு.

"ஒண்ணு சொல்றேன், கேப்பீங்களா?" என்றாள் அவள். "நடக்கும்போது மெல்லிசா ஒரே ஒரு சாக்ஸ். பூட்ஸ் கயித்தை இறுக்காதீங்க. மூணு ஜோடியைப் போட்டுக்கிட்டு முக்கால் மைல் நடந்தா கால் வேர்க்காம என்ன செய்யும்? வேர்த்த கால்தான் விறைக்குது. பரண் மேல ஏறினப்புறம் ஈரத்தைக் கழட்டிட்டு காஞ்ச கம்பளி சாக்ஸ் மாத்துங்க."

ஆர்விலுக்குச் சந்தேகம் தட்டியது. பரண் மேல் கண் வைத்திருப்பவள் எதற்காக அதைக் காப்பாற்ற வழி சொல்ல வேண்டும்? விறகு எடுக்கப் போகும் சாக்கில், வெளியே நின்ற டேலைத் தனியாகப் பிடித்தார்.

"மச்சான், உங்க தங்கச்சி இப்படிச் சொல்றா. ஏதாவது குழி வெட்டுறாளா?"

"சரியாத்தான் சொல்றா மாப்ளே. ஊருக்கே தெரியும். உங்களுக்குத் தெரியாதுன்னுதான் எங்களுக்குத் தெரியாது."

ஆர்வில் இரண்டு ஜோடியைக் கழற்றிச் சட்டைக்குள் வைத்துக்கொண்டார். டேல் அடுப்பிலிருந்து எடுத்துத் தந்த பேஸ்ட்டியை, உருளைக்கிழங்கும் இறைச்சியும் அடைத்து உள்ளங்கையை விடப் பெரிதாக இருந்ததை, தாளில் சுற்றி அதையும் நெஞ்சோடு சேர்த்து வைத்துக்கொண்டு கிளம்பினார்.

பரண் ஏறியபோது நன்றாக விடிந்திருக்கவில்லை. இடுப்புப் பட்டையை மரத்தோடு மாட்டினார். இரும்புத் தட்டின் மேல் பழைய கம்பளத் துண்டு ஒன்றை விரித்தார். இடது பூட்ஸைக் கழற்றி, சாக்ஸை மாற்றி, மறுபடி மாட்டினார். கால் அடுப்படியில் படுத்த பூனை மாதிரி சுகமாக இருந்தது. கொழுந்தியாளைச் சந்தேகப்பட்டதற்காகக் கொஞ்சம் வெட்கப்பட்டார். வலது பூட்ஸைக் கழற்றிப் பக்கத்தில் வைத்தார். சாக்ஸை மாற்றினார். துப்பாக்கியை நகர்த்தி வைக்கத் திரும்பியபோது முழங்கை இடித்தது.

பூட்ஸ் சத்தமில்லாமல் விழுந்து, பதினைந்தடிக்குக் கீழே பனியில் நேராக நின்றது. யாரோ ஒற்றைக்கால் ஆசாமி அங்கே நின்று அவருக்காகக் காத்திருப்பது போல.

வெட்கம் போய்ச் சந்தேகம் திரும்ப வந்தது. "பாவி," என்றார் வாய்க்குள்.

இறங்கி எடுத்துவிட்டு ஏறினால் யாருக்குத் தெரியும்? பனிக்குத் தெரியும். இரவு பெய்த புதுப்பனி. அதில் ஏணியடியில் ஒற்றைச் சாக்ஸ் தடம் பதிந்தால், தடம் பார்த்தே மான் எந்த நேரத்தில் போனது என்று சொல்லும் லோர்னா, ஆர்விலின் முழு வாழ்க்கை வரலாற்றையும் சொல்லிவிடுவாள். அதோடு சட்டம் அவர் போட்டது.

ஆர்வில் யோசித்தார். தலையிலிருந்த ஆரஞ்சுக் கம்பளித் தொப்பியைக் கழற்றி வலது காலில் மாட்டினார். கோட்டின் முக்காட்டைத் தலைக்கு இழுத்துக்கொண்டார். சற்று நேரத்தில் விரல்கள் முணுமுணுக்கத் தொடங்கின. நெஞ்சுக்குள் பேஸ்ட்டி இன்னும் சூடாக இருந்தது. பசியும் இருந்தது. ஒரு நிமிடம் வயிறும் காலும் வழக்காடின. கால் ஜெயித்தது. பேஸ்ட்டியைத் தாளோடு தொப்பிக்குள் தள்ளி, பாதத்தை அதன்மேல் மெல்ல வைத்தார். அந்தச் சுகத்தில் கண்ணில் நீர் வந்தது.

முற்பகல் நகர்ந்தது. ஒன்பது தாண்டியது, பத்தும் தாண்டியது. இரண்டு வருடத்தில் முதல் முறையாக ஆர்வில் குளிரை மறந்து காட்டைப் பார்த்தார்.

பதினொன்றுக்குச் சற்று முன் சதுப்பிலிருந்து ஒரு பெண்மான் வந்தது. நேராக வந்து பூட்ஸைக் கண்டு நின்றது. கழுத்தை நீட்டி முகர்ந்தது. பின்வாங்கி முன்காலைத் தூக்கித் தரையில் தட்டியது, தைரியமிருந்தால் வா என்பது போல. பூட்ஸ் வரவில்லை. மான் மறுபடி தட்டியது. ஆர்வில் சிரிப்பை அடக்கப் பல்லைக் கடித்துக்கொண்டார். அப்போதுதான் பெண்மானின் தடத்தை மோந்தபடி, தலையைத் தாழ்த்தி, பின்னால் ஒரு கிடாமான் வந்தது. கொம்பில் எட்டு முனை. அது பூட்ஸைப் பார்க்கவில்லை, பரணைப் பார்க்கவில்லை. அதன் புத்தியெல்லாம் முன்னால் நின்றவளிடம். ஆர்வில் பேஸ்ட்டியை மிதித்துக்கொண்டே துப்பாக்கியை உயர்த்திச் சுட்டார். கிடா நாலடி ஓடி விழுந்தது.

சத்தம் கேட்டால் மற்றவர்கள் இழுக்க உதவிக்கு வருவது வழக்கம். முதலில் லோர்னா வந்தாள். மானைப் பார்த்தாள், பூட்ஸைப் பார்த்தாள், அண்ணாந்து ஆரஞ்சுக் காலைப் பார்த்தாள்.

"அத்தான், தொப்பி அங்க எதுக்கு? மூளை இடம் மாறிடுச்சா?"

"பேசாம அந்தப் பூட்ஸைத் தூக்கிப் போடு."

"போடலாம். ஆனா மான் கீழ கிடக்கு. நீங்க மேல இருக்கீங்க. சீட்டு யார் கட்டுறது?"

ஆர்வில் கோட்டுப்பையைத் தடவினார்; சீட்டு அங்கேதான் இருந்தது. சுட்டவுடனே, சுட்டவரே, தன் உரிமச் சீட்டை மானில் கட்ட வேண்டும். அது குடில் சட்டமில்லை, மாநிலச் சட்டம்.

"நீ கட்டேன். கயித்துல இறக்குறேன்."

"உங்க பேர் போட்ட சீட்டை நான் கட்டுறதா? நல்லா இருக்கே! நாளைக்கு வனக்காவலர் கேட்டா, எங்க அத்தானுக்குக் காலு பேஸ்ட்டியில மாட்டிக்கிச்சுன்னு சொல்லவா?"

"பேஸ்ட்டி உனக்கெப்படித் தெரியும்?"

"வாசனை சதுப்பு முழுக்க அடிக்குது."

இதற்குள் டேலும் முதுகைப் பிடித்தபடி வந்துவிட்டார். விஷயத்தைக் கேட்டுக் கடிகாரத்தைப் பார்த்தார். நண்பகலுக்கு இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தது.

"மச்சான், நியாயத்தைச் சொல்லுங்க. கால் குளிரலை. நான் குளிருக்காக இறங்கலை. இன்னும் ரெண்டு மணி நேரம்கூட இருப்பேன்!"

"குளிருக்குன்னு சட்டத்துல இல்லையே மாப்ளே. இறங்கினா போச்சுன்னுதான் இருக்கு. நீங்கதான் சொன்னீங்க. என் முதுகுவலிக்கும் அன்னிக்கு விதிவிலக்கு கேட்டேன், ஞாபகம் இருக்கா?"

"மான் அடிச்சிருக்கேனே!"

"அழகான மான்," என்றார் டேல். "கட்டாம விட்டா அபராதம். கட்டினா பரண். எது வேணும்னு நீங்களே பாத்துக்குங்க. நாங்க அவசரப்படலை."

லோர்னா மரத்தில் சாய்ந்து பிளாஸ்கைத் திறந்து காபி ஊற்றிக்கொண்டாள். கிடா பனியில் கிடந்தது. ஆர்வில் அதைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், மறுபடி கிடாவைப் பார்த்தார்.

"இறங்குறேன்," என்றார். "அந்தப் பூட்ஸையாவது ஏணிகிட்ட வை."

வைத்தாள். அவர் துப்பாக்கியைக் காலி செய்து கயிற்றில் இறக்கிவிட்டு, இடுப்புப் பட்டையை அவிழ்த்துக்கொண்டு இறங்கி, பூட்ஸை மாட்டி, கொம்பில் சீட்டைக் கட்டினார். மூவருமாகக் கிடாவைக் குடிலுக்கு இழுத்துப் போனார்கள்.

மாலைச் சாப்பாட்டின்போது டேல் தீர்ப்பை அறிவித்தார். அடுத்த வருடம் சிடார் சதுப்புப் பரணில் லோர்னா உட்கார்ந்தாள். ஆர்வில் ஓடைக்கரைப் பரணுக்குப் போனார்.