ஆறு பத்தின் வால்

விமான டிக்கெட் அலுவலகத்தில் அவளுக்கு ஏழு வருட வேலை. டிக்கெட்டில் இறங்கும் நேரத்தின் தலைமாட்டில் பொடியாக ஒட்டியிருக்கும் +1, +2 என்ற எண்ணுக்கு அங்கே வால் என்று பெயர். ஏறி எத்தனை நாள் கழித்து இறங்குகிறோம் என்பதை அதுதான் சொல்லும். "நேரத்தைப் பாக்காதீங்க, வாலைப் பாருங்க" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லி அவளுக்கு வாய் தேய்ந்திருந்தது.

வெளிநாட்டிலிருக்கும் அண்ணனுக்கு அவளே டிக்கெட் போட்டாள். வியாழன் இரவு பத்தரைக்கு அங்கே ஏறி, காலை ஆறு பத்துக்கு இங்கே இறங்க வேண்டும். வெள்ளி விடிந்ததும் வந்துவிடுவான் என்று அப்பாவிடம் சொன்னாள்.

அப்பா முப்பது வருடம் லாரி ஓட்டியவர். புற்று எலும்புவரை போயிருந்தது. வலிக்கான பெரிய ஊசியைப் போட்டால் தூங்கிவிடுவார், பிறகு நினைவு திரும்புவது சந்தேகம் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"அவன் வரட்டும். ரெண்டு வார்த்தை பேசிட்டுப் போட்டுக்கறேன்."

வியாழன் முழுக்க ஆஸ்பத்திரியில் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தார். கட்டில் கம்பியைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்திருந்தன.

வெள்ளி காலை ஐந்து மணிக்கு, "இப்ப எங்க வந்திருப்பான்?" என்றார்.

"பக்கத்துல வந்துட்டான்பா. கடல் மேல இருப்பான்."

"கடல்ல டீக்கடையும் கிடையாது. பாவம்."

ஆறரைக்கு வராந்தாவில் நின்று ஃபோன் செய்தாள். முதல் மணியிலேயே எடுத்தான்.

"அண்ணா, இறங்கிட்டியா?"

"எங்க இறங்கறது? இன்னும் பெட்டியே கட்டி முடிக்கல. இங்க வியாழக்கிழமை சாயங்காலம்டி."

டிக்கெட்டைத் திறந்து பார்த்தாள். வால் இரண்டு. நடுவில் ஒரு விமானம் மாறி, மொத்தம் பத்தொன்பது மணி நேரம் பத்து நிமிடம். சனிக்கிழமை காலை ஆறு பத்து.

உள்ளே போனாள். எதையாவது சொல்லிச் சமாளிக்கலாம் என்றுதான் நினைத்தாள். அப்பா அவள் முகத்தைப் பார்த்துவிட்டார்.

"எவ்வளவு தூரத்துல இருக்கான்?"

"பதிமூணாயிரம் கிலோமீட்டர்பா."

"அப்ப வண்டியே எடுக்கல."

"நான் தப்பாப் பாத்துட்டேன்பா. நாளைக்குக் காலையிலதான்."

"ஊருக்கெல்லாம் டிக்கெட் போடறவ." சிரிக்கப் பார்த்தார். வலி பாதியில் பிடுங்கிக்கொண்டது. மூச்சு ஒரு நிலைக்கு வர வெகுநேரம் ஆயிற்று. "இன்னொரு நாள் முடியாதும்மா. ஃபோனைக் குடு."

அண்ணனை மறுபடி அழைத்து அவர் காதில் வைத்தாள். குரலை எங்கிருந்து திரட்டினாரோ தெரியவில்லை.

"சாப்ட்டியாடா? இல்ல, வலி பெருசா ஒண்ணுமில்ல. பிள்ளைங்களத் திட்டாத. பாத்து வா. அவசரமில்ல."

ஃபோனை விலக்கச் சொல்லிக் கையைத் தூக்கினார். பிறகு நர்ஸ் பக்கம் தலையை ஆட்டினார்.

அவள் ஃபோனோடு வராந்தாவுக்கு வந்தாள்.

"அப்பா குரல் தெளிவாத்தானே இருக்கு," என்றான் அண்ணன். "நீ வேற என்னென்னமோ சொல்லிப் பயமுறுத்திட்ட. வந்து ஒருநாள் முழுக்கப் பக்கத்துல உக்காந்து பேசணும்டி."

கதவுக் கண்ணாடிக்கு அப்பால் நர்ஸ் அப்பாவின் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

"பேசலாம்ணா," என்றாள். "பாஸ்போர்ட்டை எடுத்து வெச்சியா?"