ஆறாவது பிள்ளைக்கு மணி இல்லை

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் சத்தியம். எதிர்வீட்டுக் கருப்பம்மாள் நாற்பது வருடமாகச் சாயங்காலம் தவறாமல் செபாஸ்தியம்மாளின் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பூக் கட்டியவள். அவள் தன் இரண்டு காதாலும் கேட்டுச் சொன்னதற்கு மேல் இங்கே ஓர் எழுத்துக்கூடக் கூட்டிச் சேர்க்கப்படவில்லை.

ஆரோக்கியதாஸ் கையை இறுக்கி மூடிக்கொண்டார். உள்ளே அம்மா செபாஸ்தியம்மாளின் ஜெபமாலை. நடுவீட்டில், பெட்டிக்குள், நேற்று மத்தியானம் கஞ்சி குடித்துவிட்டுக் கண்ணை மூடிய தொண்ணூற்றொரு வயது அம்மா. வாசலில் வண்டி வந்து நின்றது.

"ஏலே தாசு, குடு. அம்மா கையில சுத்தணும். நாலு மணிக்குப் பூசை. கோயில் உபதேசியார் மூணு தடவ எட்டிப் பாத்துட்டாரு" என்றாள் லிடியா. அவருக்கு நேர்மூத்த அக்காளுக்கும் மூத்தவள், கன்னியாஸ்திரி.

"இதுல எனக்கு எந்த மணின்னு சொல்லுக்கா. தாரேன்."

எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். ஜெபமாலையில் பத்துப் பத்தாக ஐந்து கட்டு மணிகள். செபாஸ்தியம்மாளுக்குப் பிள்ளைகள் ஆறு. முதல் பத்து மூத்தவன் பெலிக்ஸுக்கு, இரண்டாவது கிளெமென்ட்டுக்கு, அப்புறம் அமலராணி, லிடியா, மரியசெல்வி என்று ஒவ்வொரு பேராகச் சொல்லி ஒப்புக்கொடுத்து முடிக்கும்போது மாலையும் முடிந்துவிடும். கடைசியில் பிறந்த ஆரோக்கியதாஸுக்கு இடமில்லை.

ஒரு பத்து என்ன செய்யும் என்பதை ஆரோக்கியதாஸ் அறுபது வருடமாகக் கூடவே இருந்து பார்த்துவிட்டார். கொடைக்கானலிலிருந்து இறங்கிய பஸ்ஸுக்கு வத்தலக்குண்டுக்கு மேலே பிரேக் போயிற்று. உள்ளே பெலிக்ஸ். இங்கே அம்மா முதல் பத்தில் ஏழாவது மணியைப் பிடித்தாள். அங்கே பஸ் நின்றது. டிரைவர் இறங்கிப் பார்த்தால் முன்சக்கரத்துக்கு அடியில் ஒரு கொய்யாப்பழம். நசுங்கக்கூட இல்லை. குஜிலியம்பாறைப் பக்கம் கிளெமென்ட் சோளம் விதைத்த வருடம் ஊரே காய்ந்து கிடக்க, மழை அவர் வரப்புக்குள் மட்டும் பெய்தது. வரப்பில் நின்ற வெள்ளாட்டுக்கு முன்னங்கால் நனைந்தது, பின்னங்காலில் புழுதி. லிடியாவின் மடத்துக் குளியலறைக்குள் புகுந்த நல்லபாம்பு, நாலாவது பத்து தொடங்கியதும் வெளியே போனது. போகும்போது கதவைச் சாத்திவிட்டுப் போனது.

ஆரோக்கியதாஸுக்கோ அவர் படுக்கிற இடத்தில் மட்டும் ஓடு ஒழுகியது. வாங்கிய மாடு கறக்கவில்லை. குடலிறக்கம் இரண்டு பக்கமும் வந்தது.

பத்து வயதில் ஒருமுறை அம்மாவிடம் கேட்டார். மாலையின் தொடக்கத்தில், சிலுவைக்குப் பக்கத்தில், தனியாக மூன்று மணி இருக்கிறதே, அதையாவது தரக்கூடாதா?

"அது விசுவாசம், நம்பிக்கை, தேவசிநேகத்துக்கு உள்ளது. அதுல கை வைக்காத" என்றாள் அம்மா.

நாற்பது வயதில் மறுபடியும் கேட்டார்.

"நீ என் கண்ணு முன்னாடியே கெடக்க. ஒனக்கு என்னத்துக்கு?"

அதற்குப் பிறகு கேட்கவில்லை. படுத்துவிட்ட அம்மாவைக் கடைசிப் பதினோரு வருடம் அவர்தான் குளிப்பாட்டினார், கஞ்சி ஊட்டினார். வாய் துடைத்துவிட்டதும் அம்மா மாலையை எடுத்து, "பெலிக்ஸுக்காக" என்று ஆரம்பிப்பாள். அவர் ஈரத் துண்டோடு எழுந்து போய்விடுவார்.

"வயசு அறுபத்திரண்டு ஆகுது, பேத்தி எடுத்துட்ட, இன்னும் மணிக்கு அழுகுற" என்றார் கிளெமென்ட்.

"நீ பேசுவண்ணே. மழையில நனைஞ்சவனாச்சே."

ஆரோக்கியதாஸ் கையைத் திறந்து பார்த்தார். மரமணிகள் தேய்ந்து மிளகளவு ஆகியிருந்தன. இரண்டாவது பத்து மற்றவற்றைவிடச் சிறுத்திருந்தது. கிளெமென்ட்டுடையது. கையை மறுபடியும் மூடினார்.

அப்போதுதான் கருப்பம்மாள் வந்தாள். எண்பது வயது. கையில் அம்மாவுக்கென்று கட்டிய மல்லிகைச் சரம். பெட்டியின் கால்மாட்டில் நின்று, இவருடைய மூடிய கையையும் மற்றவர்களின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு சத்தமாக, தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னாள்.

"அதக் குடுத்துரு அப்பு. அது அவுகளுக்கு உள்ளது. ஒனக்கு ஆத்தா வெரல்லதான சொல்லுவா."

"என்னது?" என்றாள் லிடியா.

"மாலைய மடிச்சு வச்சுட்டு, ரெண்டு கையையும் நெஞ்சுல வச்சு, வெரலு வெரலாத் தொட்டுப் பத்து சொல்லுவா. 'இது என் தாசுக்கு, கருப்பு. மணி தேஞ்சுபோகும், அறுந்துபோகும். அவன் என் கையோட இருக்கட்டும்'னு சொல்லுவா. நீதான் துண்ட எடுத்துக்கிட்டு எந்திரிச்சுப் போயிருவியே."

"அம்மா எப்பச் சொன்னுச்சு இதை? எங்ககிட்ட சொல்லவே இல்லையே" என்று கேட்டார் கிளெமென்ட். கருப்பம்மாள் திரும்பவில்லை. தலைமாட்டுக்குப் போய்க் குனிந்து அம்மாவின் தலையில் பூ வைத்துக்கொண்டிருந்தாள்.

கிளெமென்ட் லிடியா பக்கம் திரும்பினார். தணிந்த குரலில் கேட்டார்.

"வெரல்ல சொன்னா அது செல்லுமா, சிஸ்டரு?"

"மணி கடையில வாங்குனது. வெரலு ஆண்டவர் குடுத்தது" என்றாள் லிடியா. அதைச் சொல்லும்போது அவள் முகம் அவ்வளவு நன்றாக இல்லை.

ஆரோக்கியதாஸ் மாலையை நீட்டினார். லிடியா அதை வாங்கி அம்மாவின் கைகளைச் சேர்த்துப் பிடித்துச் சுற்றத் தொடங்கினாள்.

"வெரல மறைக்காமச் சுத்துக்கா."

அவள் ஒரு சுற்றை அவிழ்த்து, மணிக்கட்டோடு நிறுத்தினாள். பத்து விரலும் வெளியே தெரிந்தன. வலதுகைச் சுண்டுவிரல் நகத்தில் நேற்றைய கஞ்சி ஒரு பொட்டு காய்ந்திருந்தது. ஆரோக்கியதாஸ் துண்டின் நுனியை எச்சிலில் தொட்டுத் துடைத்தார்.

கருப்பம்மாளுக்கு முப்பத்தைந்து வயதில் அம்மை போட்டதிலிருந்து இரண்டு காதும் கேட்காது.