இரண்டு தரம் அடித்த போன்

1

எட்டு மணித்தியாலமும் இருபது நிமிடமும். இந்தக் கதை அந்தக் கணக்கிலிருந்துதான் தொடங்கியது. எனக்கு யாரும் சொன்னதல்ல. காலை எட்டுப் பதினாறைப் பிற்பகல் நாலு முப்பத்தாறிலிருந்து நானே கழித்தேன். நாலு முப்பத்தாறுக்கு என் அண்ணன் றெக்ஷனைக் கடலில் கண்டெடுத்தார்கள். எட்டுப் பதினாறுக்கு நடந்ததை எழுதத்தான் இவ்வளவும்.

இது ஒன்பதாவது தொடக்கம். முந்தைய எட்டும் கடலை வர்ணித்தன. ‘அன்று கடல் ஈயத்தகடு போல’ என்று ஒன்று. ‘சோளகக் காற்று விடியமுன்னே’ என்று இன்னொன்று. அந்த வாக்கியம் முடியவே இல்லை. அன்று கடல் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது. நான் வீட்டுக்குள் இருந்தேன்.

2

முதலில் என்னை ஒளித்துவைக்கப் பார்த்தேன். எனக்குச் சுமித்திரா என்று பெயர் வைத்து நெடுந்தீவில் குடியேற்றினேன். அண்ணனுக்கு ஆறு மாடுகள் கொடுத்தேன். பிறகு அவர் கடலில் சாகவேண்டியிருந்ததால் மாடுகளை விற்று ஒரு போட் வாங்கிக் கொடுக்க வேண்டி வந்தது. அதற்கே நாலு பக்கம் போய்விட்டது. சுமித்திராவிடம் இன்னொரு குறையும் இருந்தது. அவள் துணிந்தவள். எந்தப் பக்கத்தில் விட்டாலும் எழுந்து ஓடிப்போய் ஆட்களைக் கூப்பிட்டாள். அவளை வைத்து இந்தக் கதையை எழுத முடியாது. விட்டுவிட்டேன்.

ஆகவே நான் ஜெனீற்றா. ஊர் ஊர்காவற்றுறை. பௌதிகத்தில் பட்டம். வேலை இல்லை.

3

வாசகருக்கு ஒன்று தெரியவேண்டும். கடலிலிருந்து வரும் போனை எங்கள் வீட்டில் யாரும் எடுப்பதில்லை. எண்ணுவோம். ஒரு தரம் அடித்து நின்றால், திரும்புகிறேன், கரைக்கு வாருங்கள். இரண்டு தரம் என்றால், நண்டு நிறைய, ஐஸ் எடுத்து வையுங்கள். மூன்று தரம் என்றால், இஞ்சின் நின்றுவிட்டது, போட் அனுப்புங்கள். அண்ணனின் போன் பொலித்தீன் பையில் சுற்றி, ரப்பர் போட்டு இறுக்கியிருக்கும். ஈரக் கையால் இலக்கம் தேட முடியாது. பையோடு சேர்த்துப் பச்சைப் பொத்தானை அமத்தினால் கடைசியாக எடுத்த இலக்கத்துக்குப் போகும். அது எப்போதும் வீட்டு இலக்கம்தான்.

வீட்டுப் போன் குசினி அலுமாரியின் மேல் இருக்கும். பொத்தான் வைத்த சின்னப் போன். வந்த அழைப்புகள் ஒவ்வொன்றும் தனித்தனி வரியாக அதில் நிற்கும்.

அன்று அம்மா பூசைக்குப் போயிருந்தார். அண்ணனின் மனைவி றஞ்சனி மச்சாள் மூன்று வயது றொஜனைத் தூக்கிக்கொண்டு கிளினிக்குக்குப் போயிருந்தா. போனை என்னிடம் ஒப்படைத்துவிட்டுத்தான் போனா. அண்ணனோடு வழக்கமாகப் போகிறவருக்குக் காய்ச்சல். அண்ணன் தனியே போயிருந்தார். நான் ஒரு வேலைக்கு விண்ணப்பம் நிரப்பிக்கொண்டிருந்தேன்.

எட்டுப் பதினாறுக்குப் போன் அடித்தது. நின்றது. திரும்ப அடித்தது. நின்றது.

(இந்த இடத்தில் ஒரு வரி இருந்தது. எடுத்துவிட்டேன்.)

4

சஞ்சீவன் என்ற பாத்திரம் தேவையா என்று நிறைய யோசித்தேன். அவரை நீக்கினால் கதை சுருக்கமாகும். ஆனால் என் நடத்தைக்குக் காரணமே இருக்காது. காரணம் இருந்தால் மட்டும் என்ன என்றும் தோன்றுகிறது.

சஞ்சீவன் எங்கள் வேலியிலிருந்து இருநூறு மீற்றரில் இருக்கும் துறையில் தன் போட்டைக் கட்டுகிறவர். அந்த நாளுக்குப் பத்து நாட்களுக்கு முன் அவர் வீட்டார் என்னைப் பெண் கேட்டு வந்தார்கள். நான் யார் முன்னும் வாய் திறக்காதவள். அன்று மட்டும் திறந்தேன். படித்த ஆளாகப் பாருங்கள் என்று அம்மாவிடம் சொன்னேன். கதவு திறந்திருந்தது. அதற்குப் பிறகு நான் துறைப் பக்கம் போனால் அவர் மற்றவர்களிடம் சொல்வார், “பட்டதாரி வாறா, எழும்பி நில்லுங்கோடா.” அவர்களும் எழும்பி நிற்பார்கள்.

அன்று காலை துறையில் இஞ்சினோடு நின்றது அவருடைய நீலப் போட் ஒன்றுதான். யன்னலால் தெரிந்தது. அவர் அதன் விளிம்பில் இருந்து கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்தார். பக்கத்தில் நாலைந்து பேர். நான் செருப்பைப் போட்டேன். வேலிப் படலை வரை போனேன். திரும்பி வந்தேன்.

*பரிசோதனை என்றால் ஒன்றை மட்டும் மாற்றி, மற்றதெல்லாம் அப்படியே இருக்கத் திரும்பச் செய்து பார்க்கலாம். வாழ்க்கைக்கு அந்த வசதி இல்லை என்றுதான் கதை எழுத உட்கார்ந்தேன். ஆறு வரைவுகளில் நான் படலையைத் திறந்து போகிறேன். ஆறிலும் அண்ணன் வெயிலில் கறுத்து, எரிச்சலோடு, உயிரோடு வந்து சோறு கேட்கிறார். கணினியை மூடினால் செத்துப்போகிறார்.*

தெரிவு ஒன்று வாழ்க்கையை மாற்றிவிடுகிறது என்று எழுதுகிறார்கள். அப்படி ஒன்று என்றால் தாங்கலாம். முதலாவது சில நொடிகள்தான். அதை மூட இரண்டாவது. இரண்டாவதை மூட நாலு மாதமாக ஒவ்வொரு நாளும் ஒன்று. ஒவ்வொன்றும் முந்தியதைவிடச் சுலபமாக இருக்கிறது. அதுதான் எனக்குப் பயம்.

5

ஊருக்குத் தெரிந்த கதை இது. மச்சாள் ஒன்பது முப்பத்தைந்துக்கு வந்தா. போனில் இரண்டு வரிகளைப் பார்த்தா. சிரித்தா. வியாபாரிக்குச் சொல்லி ஐஸ் பெட்டியோடு துறையில் போய் நின்றா. நண்டு நிறைய என்றால் வலையிலிருந்து கழற்றி எடுக்க நேரமாகும் என்று இரண்டரை வரை நின்றா. பிறகுதான் சஞ்சீவன் போட்டை எடுத்தார். கேட்ட உடனேயே எடுத்தார், ஒரு கேள்வியும் கேட்கவில்லை. காற்று இழுத்துப்போன போட்டைத் தேடிப்பிடிக்க இரண்டு மணித்தியாலம் ஆனது. அது கவிழ்ந்து கிடந்தது. அண்ணன் தன் இடுப்பை அதோடு கட்டியிருந்தார். இறந்து இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் இராது என்று வைத்தியர் சொன்னார். காலையில் போயிருந்தால் நாற்பது நிமிடம்.

அன்றிலிருந்து அம்மா மச்சாளை நேரே பார்த்துக் கதைப்பதில்லை. என்னைப் பார்த்துச் சொல்வார், “புருசன் தண்ணிக்க கிடக்க ஐஸ் பெட்டியோட நிண்டு சிரிச்சவள்.” நான் மேசையைத் துடைப்பேன்.

6

இந்தக் கதைக்கு நான் வைத்திருந்த முடிவுகள்:

ஒன்று. ஜெனீற்றா குருவானவரிடம் போய்ப் பாவசங்கீர்த்தனம் செய்கிறாள். (அவர் யாரிடமும் சொல்லமாட்டார். அதனாலேயே அது வசதியான முடிவு. கேட்கவேண்டியவள் கேட்கமாட்டாள்.)

இரண்டு. ஜெனீற்றாவுக்கு வேலை கிடைத்துத் தூரமாக…

மூன்று. யாருக்கும் காட்டாமல் இதையே எழுதிக்கொண்டிருக்கிறாள். இதுவரை நடந்தது இதுதான்.

7

இந்தப் பகுதியை மட்டும் நடந்த பிறகு எழுதுகிறேன்.

இன்று முற்பகல் மச்சாள் ஒரு படிவத்தோடு என் அறைக்கு வந்தா. குவைத்தில் வீட்டு வேலை. ஒன்றரை மணி பஸ்ஸில் யாழ்ப்பாணம் போய்க் கொடுக்கவேண்டும். றொஜன் எங்களோடு இருப்பான். பிள்ளையைப் பார்ப்பவர் என்ற இடத்தில் என் பெயரை எழுதி வைத்திருந்தா. கையெழுத்துத்தான் பாக்கி.

ஏன் போகவேண்டும் என்று கேட்டேன். கதிரையில் இருந்து மெதுவாகச் சொன்னா.

“என்ர கையில இருந்தால் இவனும் போயிடுவான், ஜெனீற்றா. எனக்கு ஒண்டும் நேரத்துக்கு விளங்காது. மூண்டாம் தரம் அடிக்க முதல் அவரிட போன் செத்திருக்கும். பொஞ்சாதிக்கு அது விளங்கவேணும். நான் ஐஸ் வாங்கப் போனனான்.”

“மச்சாள்,” என்றேன்.

“நீர் படிச்சனீர். இவனை வடிவாய் வளப்பீர். அவருக்கும் உம்மிலதான் நம்பிக்கை.”

றொஜன் கதிரைக்குப் பக்கத்தில் நின்று தாயின் சட்டை நுனியை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டிருந்தான். மச்சாள் பேனையின் மூடியைக் கழற்றி என்னிடம் நீட்டினா. நான் வாங்கினேன். வாங்கியதும் ஒரு தெரிவுதான், அதையும் எழுதிவிடுகிறேன். ஒரு கையெழுத்து. அதோடு அந்தப் பிள்ளைக்குத் தாய் இல்லாமல் போகும், என்னை யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள்.

பேனையை மேசையில் வைத்தேன்.

பிறகு மச்சாள் என்ன செய்தா, படிவம் என்ன ஆனது, ஒன்றரை பஸ்ஸில் யார் போனது, யார் போகவில்லை என்பதை நான் எழுதமாட்டேன். அவவின் வாழ்க்கைக்கு முடிவு எழுத எனக்கு உரிமை இல்லை. ஏற்கெனவே ஒரு தரம் எழுதிவிட்டேன். வேண்டுமானால் நீங்கள் யோசித்துக்கொள்ளுங்கள். மூன்றாம் பகுதியில் எடுத்த வரியை மட்டும், நான் அவவுக்கு வாயால் சொன்னபடியே, இங்கே போடுகிறேன்.

“மச்சாள், அண்டைக்குப் போன் மூண்டு தரம் அடிச்சது. நான் பக்கத்தில இருந்து எண்ணினனான். ஒருத்தரிட்டையும் போய்ச் சொல்லேல்ல. நீங்கள் வாறதுக்கு முதல் ஒரு வரியை நான்தான் அழிச்சனான்.”